எடைக்குப் போடும் முன்: பழைய காமிக்ஸ் பற்றி ஒரு பேப்பர் கடைக்காரரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சூப்பர்மேன் காமிக்ஸ் ஏறத்தாழ 80 கோடி ரூபாய்க்கு ஏலம் போன செய்தியை உங்கள் ஞாயிறு பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே, உங்கள் வீட்டுப் பரணிலும் புதையல் இருக்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி. நான் மதுரை சிம்மக்கல் பக்கம் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்துக் கடை. அந்தப் பெட்டிச் செய்தி வந்த பிறகு என் கடையில் நடக்கிற கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முன்பெல்லாம் கட்டைக் கொண்டுவந்து தராசில் வைத்துவிட்டு எடையைத்தான் பார்ப்பார்கள். இப்போது கட்டைப் பிரித்துப் போட்டு, "அண்ணே, இதுல கோடிக்குப் போறது எதுவும் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். ஒரு அம்மா 2019-ஆம் வருஷத்து ராசிபலன் புத்தகத்தை மட்டும் உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பழசுதானே, கிடக்கட்டும்" என்றார். இன்னொருவர், போன தீபாவளிக்குப் போட்ட மூட்டையைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார். அது எப்போதோ ஆலைக்குப் போய்க் கூழாகி, இந்நேரம் ஏதாவது அட்டைப்பெட்டியாகத் திரும்பி வந்திருக்கும். அவர் நம்பவில்லை. நான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு போனார்.

செய்தி பொய் இல்லை. அது 1939-இல் 10 சென்ட் விலைக்கு வந்த சூப்பர்மேன் முதல் இதழ். கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன அம்மாவின் வீட்டை ஒழிக்கும்போது மேல்மாடத்தில், ஓர் அட்டைப்பெட்டியில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். 2025 நவம்பரில் 91 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த இதழ் வந்ததற்கு முந்தைய வருஷம், அதாவது 1938-இல், சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாம் சரி. ஆனால் அந்த விலை ஏன் வந்தது என்பதை உங்கள் நிருபர் இரண்டு வரியில் தாண்டிவிட்டார். ‘அரிதானது’ என்று எழுதினால் போதுமா? ஏன் அரிதானது?

என் தொழிலில் இருப்பவனுக்கு அது புரியும். அந்தக் காலத்தில் காமிக்ஸை யாரும் புத்தகமாகவே மதிக்கவில்லை. படித்தார்கள், கைமாற்றினார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது நாட்டுக்காகப் பழைய காகிதம் சேகரிக்கிறோம் என்று அங்கே ஊர் ஊராக இயக்கமே நடந்தது. பிள்ளைகளே தங்கள் காமிக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் அச்சான இதழில் இன்று சுமார் 100 பிரதிதான் மிச்சம் என்று ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைப் பற்றிச் சொல்கிறார்கள். ஆக, அந்தக் கோடிகளை உண்டாக்கியது சூப்பர்மேன் மட்டும் இல்லை, என்னைப் போன்ற எடைக்கு வாங்குகிற ஆளும்தான்.

எதிர்க்கதையும் அங்கேயே நடந்திருக்கிறது. 1992-இல் சூப்பர்மேன் சாகிற கதை வந்தது. கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். பின்னால் பெரிய விலைக்குப் போகும் என்று ஆளுக்கு நாலு, அஞ்சு வாங்கிப் பிரிக்காமலேயே பீரோவில் பூட்டினார்கள். லட்சக்கணக்கான பேர் அப்படிப் பூட்டினதால், இன்றைக்கு அதைச் சீந்துவார் இல்லை. அந்த ஊக வியாபாரம் கவிழ்ந்த வேகத்தில், சூப்பர்மேனுக்குப் போட்டியாகக் காமிக்ஸ் போடும் மார்வெல் நிறுவனமே 1996-இல் திவால் மனு கொடுத்தது. காசுக்காகப் பத்திரப்படுத்தியது காசாகவில்லை. குப்பை என்று போட்டதில் தப்பியதுதான் காசானது. உங்கள் பெட்டிச் செய்தியில் இதைப் போட்டிருந்தால் அந்த ராசிபலன் புத்தகம் என் தராசுக்கு வந்திருக்கும்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அமெரிக்கப் புத்தகம் எந்த மதுரைக்காரர் பரணிலும் இருக்கப் போவதில்லை. இருந்தால் இருப்பது பெரும்பாலும் சிவகாசிச் சரக்கு. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ். அதே 1984-இல் ஜேம்ஸ்பாண்டை முன்னால் நிறுத்தி ராணி காமிக்ஸும் வந்தது. அது 2005 வரை 500 இதழ்கள் ஓடியது. அம்புலிமாமா இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1947. ஆனால் அது வேறு கணக்கு. அதைச் சேர்ப்பவர்கள் வேறு ஆட்கள்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இரும்புக்கை மாயாவி ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு, மூன்று பக்கமாக வந்த தொடர். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, அந்தக் கை மட்டும் தெரியும். ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி எல்லாம் அதே வழியில் வந்தவர்கள்தான். அங்கே அந்தப் பத்திரிகைகள் நின்றுபோய், பிள்ளைகளும் வளர்ந்து, பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். இங்கே, சிவகாசியில் அச்சாகி, விருதுநகர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்கி, ஐம்பது வயது ஆட்களின் மனசில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாயாவி என்று சொன்னால் வங்கி மேலாளர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட புத்தகங்கள் எங்கே போயின? முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், அம்மாக்கள் கையால் எங்கள் தராசுக்கு வந்தன. வாடகை நூலகங்களை மூடும்போது சாக்குச் சாக்காக வந்தன. அங்கிருந்து மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போயின. பெரிய கட்டுகள் சிவகாசிக்கு, பட்டாசுக் குழாய் சுருட்டப் போயின. சிவகாசியில் அச்சான மாயாவி சிவகாசிக்கே திரும்பி, தீபாவளிக்கு எங்கள் தெருவில் வெடித்துச் சிதறியிருக்கிறார். சின்ன வயதில் வெடித்த காகிதத்தைப் பொறுக்கிக் கதை எங்கே விட்டது என்று தேடியவர்கள் நாங்கள்.

விலைக்கு வருவோம். அதைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள். நான் கண்ணால் பார்த்த அளவில் சொல்கிறேன். எண்பதுகளின் காமிக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் ஒன்று சில நூறு ரூபாய்க்குப் போகும். எழுபதுகளின் ஆரம்ப முத்து இதழ் என்றால் ஆயிரங்களில் பேசலாம். கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் என்று நான் வாங்கும் காகிதத்தில், கை அகலப் புத்தகம் ஒன்று ஆயிரத்தைத் தொடுவது பெரிய ஆச்சரியம்தான். ஆனால் அந்த ஆயிரமும் எல்லாப் புத்தகத்துக்கும் கிடையாது, எல்லாரும் தரவும் மாட்டார்கள். வாங்குகிற கூட்டம் ரொம்பச் சின்னது. பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைச் சின்ன வயதில் படித்தவர்கள், அல்லது காசில்லாமல் படிக்க முடியாமல் போனவர்கள். இரண்டாவது வகைதான் பேரம் பேசாமல் வாங்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வருவார். தம்பி என்றால், அவருக்கே தலை நரைத்துவிட்டது. அவர் ஒரு புத்தகத்தைப் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் போதும், இந்தச் சந்தை விளங்கிவிடும். அட்டையை முதலில் பார்க்க மாட்டார். நடுப்பக்கத்தைத் திறந்து ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா, துருப்பிடித்து காகிதத்தைத் தின்றிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பக்கங்களை எண்ணுவார். கடைசிப் பக்கத்தில் அடுத்த வெளியீட்டு விளம்பரம் இருக்கிறதா, போட்டிக் கூப்பனை எவனாவது கத்தரித்து அனுப்பியிருக்கிறானா என்று பார்ப்பார். வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் விலையைக் குறைப்பார். மார்ஜினில் பேனாவால் மீசை வரைந்திருந்தால் இன்னும் குறைப்பார். ஒருமுறை, எல்லாம் சரியாக இருந்த ஒரு புத்தகத்தைத் தூக்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டார். என்ன தம்பி என்றேன். "பைண்டு பண்றப்ப ஓரத்தை வெட்டிட்டாங்கண்ணே" என்றார். அரை சென்டிமீட்டர் இருக்கும். பலூன் வசனத்தின் கடைசி எழுத்து பாதி போயிருந்தது. அந்த அரை சென்டிமீட்டருக்குப் பாதி விலை.

அதனால் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழசைப் புதுசாக்குகிறேன் என்று எதுவும் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டினால் கொஞ்ச வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பைண்டிங் கடைக்காரர் ஓரம் வெட்டுவார், விடாதீர்கள். பரணில் வைக்காதீர்கள். சூப்பர்மேன் தப்பித்தது வடக்குக் கலிபோர்னியாவின் குளிர்ந்த காற்றில். நம் ஊர் மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் அடுப்பு மாதிரி. காமிக்ஸ் அச்சானதே மட்டமான நியூஸ்பிரிண்டில். சூடு பட்டால் பழுப்பேறி அப்பளமாய் நொறுங்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். கீழ் அலமாரியில், சுவரை ஒட்டாமல், படுக்கப்போட்டு வையுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் பெட்டிச் செய்தியோடு போட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மாயாவி என்று ஒரு அட்டையைப் போட்டிருந்தீர்கள். அது மறுபதிப்பு. 2012-க்குப் பிறகு லயனும் முத்துவும் புது வேகத்தோடு வர ஆரம்பித்தபின், பழைய கதைகள் பலவும் நல்ல காகிதத்தில் மறுபடி வந்துவிட்டன. அது நல்லதுதான். கதை படிக்க ஆசைப்படுபவன் நியாயமான விலையில் வாங்கிப் படிக்கலாம். பழசுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. மறுபதிப்பு வந்ததும் சில பழைய இதழ்களின் விலை இறங்கியதையும் பார்த்தேன். இறங்காதவையும் உண்டு. அவற்றை வாங்குகிறவருக்குக் கதை ஏற்கெனவே மனப்பாடம். அவருக்கு அந்தக் காகிதமும் அந்த மையும்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் செய்திக்குப் பிறகு சில தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். வயசானவர்கள் தனியாக இருக்கிற வீடாகப் பார்த்துப் போய், மொத்தமாக ஐந்நூறு ரூபாய் என்று அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அதே ஆட்கள் கலர் ஜெராக்ஸ் அட்டையைப் பழைய புத்தகத்துக்குப் போட்டு ஒரிஜினல் என்று விற்கிறார்கள். விரலால் தடவினால் தெரிந்துவிடும். ஆனால் போனில் படம் பார்த்துப் பணம் அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்? விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளிடம் ஏமாறுகிறார்கள்.

எனக்கு இதில் என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பரணில் கோடி இருக்கிறது என்று எழுதினால், ஜனங்கள் பூட்டி வைத்துக்கொண்டு கரையானுக்குக் கொடுப்பார்கள். ஒன்றுமே எழுதாவிட்டால் என்னிடம் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: விருப்பமான ஆளிடம் கொடுங்கள், இல்லையா, நூலகத்துக்குக் கொடுங்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற தொழில் செய்தவர். புத்தகம் மட்டுமில்லாமல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். அவர் சேர்த்ததில் பாதி, எங்கள் தொழில்காரர்கள் பார்வையில் பொட்டலக் காகிதம். இன்று அதற்காக வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் படித்த காமிக்ஸுக்கும் அந்த மரியாதை ஏன் வரக்கூடாது? மாவட்ட நூலகங்களில் ஒரு பீரோ ஒதுக்கினால் போதும். அரசு இதைச் செய்யுமா என்று உங்கள் நிருபரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். 80 கோடிச் செய்தியை விட அது பிரயோஜனமான செய்தி.

இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்தவர்களில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரும் உண்டு. எண்பதைத் தாண்டியவர். ஆட்டோவில் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். திறந்தால் லயன், முத்து, ராணி என்று கழுத்து வரை காமிக்ஸ். ஓரம் வெட்டாதது, பூச்சி படாதது. நானே கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார், சின்ன வயசுலேருந்து சேர்த்ததா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணு கூடப் படிச்சதில்லப்பா. எல்லாம் வகுப்புல பையன்க கிட்டப் பிடுங்குனது" என்றார்.

ஜியோமெட்ரி புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கும்போது பிடித்தது, டெஸ்க்குக்கு அடியில் கைமாறும்போது பிடித்தது. வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாங்கி, ஆசிரியர் அறை பீரோவில் வைத்து, மாறுதல் வந்தபோது வீட்டுக்கு எடுத்து வந்து, அப்படியே இருந்திருக்கிறது. நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணமே அதுதான். பையன்களிடமே இருந்திருந்தால் எப்போதோ என் அப்பாவின் தராசில் ஏறியிருக்கும். முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு, சிலவற்றில் ரோல் நம்பர் கூட. ஒன்றில் மட்டும் சிவப்பு மையில், இதை எடுப்பவன் கை விளங்காமல் போகும் என்று எழுதியிருக்கிறது. அதைச் சாரிடம் காட்டினேன். "அதான் பத்து வருஷமா முழங்கை வலிக்குது" என்றார்.

அந்தக் கோயம்புத்தூர்த் தம்பியிடம் சொன்னேன். ஓடி வந்தார். பெயர் எழுதியிருப்பதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மொத்தத்துக்கும் ஒரு தொகை சொன்னார். நல்ல தொகை. ஒரு வருஷத்துக்கு சாரின் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். சார் கேட்டுவிட்டு, "விக்கிறதுக்கு இது என்னுது இல்லையேப்பா" என்றார். அதற்கு மேல் அந்தத் தம்பியும் வற்புறுத்தவில்லை. போகும்போது ஒரே ஒரு ஸ்பைடரை மட்டும் கையில் எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

பெட்டி இப்போது என் கடையில், தரையில் படாமல் ஒரு பெஞ்சின் மேல் இருக்கிறது. வைகைக்கு வடகரையில் உள்ள ஒரு பள்ளியில், 1984-க்கும் 1990-க்கும் இடையில் ஏழாவது, எட்டாவது படித்தவர்கள், கணக்கு வகுப்பில் காமிக்ஸ் பறிகொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். பறிகொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆதார் கார்டெல்லாம் வேண்டாம். என்ன புத்தகம், முதல் பக்கத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று சொன்னால் போதும். அப்படி வந்து வாங்கியவர் அதை வாசலில் நின்றே விற்றாலும் சாருக்கு ஆட்சேபம் இல்லை. அது அவர் சொத்து. பொங்கல் வரைக்கும் வைத்திருப்பேன். அதற்குப் பிறகு மிஞ்சியதை நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சிவப்பு மையில் எழுதியவர் மட்டும் முடிந்தால் கொஞ்சம் முன்னாலேயே வந்து, எழுதியதை வாபஸ் வாங்கிக்கொண்டு போனால் நல்லது.

கடை முகவரியையும் போன் நம்பரையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள், பத்திரிகையில் போட வேண்டாம். ராசிபலன் புத்தகத்தோடு வரிசையில் நின்றால் என்னால் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

இப்படிக்கு,
பழைய பேப்பர் கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை.